ரோடு பைக்குக்குப் புதிய ஹேண்டில்பார்: பழையதை அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள்

மூன்று ஆண்டுகள் ஓட்டிய ரோடு பைக்கின் (தார்ச்சாலையில் வேகமாகப் போவதற்கான, ஹேண்டில்பார் முனைகள் கீழ்நோக்கி வளைந்த சைக்கிள்) ஹேண்டில்பார் டேப்பை ஒருநாள் முழுதாகப் பிரித்தேன். பிரேக் லீவரை இறுக்கிப் பிடித்திருக்கும் பட்டையின் ஓரத்தில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைத் தூள். நகத்தால் சுரண்டினால் அடியில் கடுகளவு குழிகள். டேப்பின் இடுக்கு வழியாக இறங்கிய வியர்வை அலுமினியத்தை அரித்திருந்தது. மேலே சுற்றியிருந்த கறுப்பு டேப் மட்டும் நேற்று வாங்கியதுபோல் இருந்தது.

அன்றைக்கே ஒரு கடைக்குப் போனேன். பழைய ஹேண்டில்பாரின் நடுவில் 42 என்று (அகலம், செண்டிமீட்டரில்) அச்சிட்டிருந்தது நினைவில் இருந்ததால், 42 கேட்டேன், 42 கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்தால் புதியது ஒவ்வொரு பக்கமும் ஒரு செண்டிமீட்டர் குறுகல். பழைய நிறுவனம் குழாயின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து 42 என்று எழுதியிருந்தது. புதிய நிறுவனம் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்திருந்தது. எண் ஒன்றுதான், அளவு வேறு. பழையது வீட்டு மூலையில்தான் கிடந்தது. போவதற்கு முன் அளவு நாடாவை அதன்மேல் ஒருமுறை வைத்திருந்தால் போதும்.

ஆகவே புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் உடம்போடு ஏற்கெனவே பழகிய ஒரே அளவுகோல் உங்கள் பழைய ஹேண்டில்பார். புதியது அதைவிட எத்தனை மில்லிமீட்டர் கூட வேண்டும், எத்தனை குறைய வேண்டும் என்று மட்டும் யோசித்தால் போதும். உலகத்தில் எது சிறந்த ஹேண்டில்பார் என்று தேடத் தொடங்கினால் தேடல் முடியாது.

மாற்றத்தான் வேண்டுமா?

சில நேரங்களில் கேள்விக்கே இடமில்லை. பலமாக விழுந்து வளைந்திருந்தால், விரிசல் தெரிந்தால், நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு ஆழமான கீறல் இருந்தால், நான் மேலே சொன்ன குழிகள் இருந்தால், மாற்றிவிடுங்கள். கார்பன் இழையால் ஆன ஹேண்டில்பாரோடு பலமாக விழுந்திருந்தால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் நம்ப வேண்டாம். அலுமினியம் பல நேரம் வளைந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் உள்ளுக்குள் அடுக்கு பிரிந்தும் மேலே பளபளப்பாகவே இருக்கும். ஓடும் வண்டியில் ஹேண்டில்பார் முறிந்தால் முகத்தால் தரையைத் தொட வேண்டியதுதான்.

ஆனால் பலர் மாற்ற நினைப்பது வலிக்காக. கை மரத்துப்போகிறது, கழுத்து இறுகுகிறது, தோள்பட்டை எரிகிறது என்பார்கள். இதற்கெல்லாம் காசு செலவழிக்காமல் முயல வேண்டியவை சில உண்டு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், அவ்விரண்டுக்கும் போகும் நரம்பு உள்ளங்கையின் வெளியோரத்தில் நசுங்குகிறது என்று பொருள். அதற்குக் காரணம் ஹேண்டில்பாராகவே இருக்க வேண்டியதில்லை. இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, எடை முழுவதும் கைகளில் இறங்கும். முதலில் இருக்கையை மட்டம் பாருங்கள். பிறகு ஹேண்டில்பாரைக் கவ்வியிருக்கும் ஸ்டெம் என்ற துண்டின் திருகுகளைத் தளர்த்தி ஹேண்டில்பாரைச் சில பாகை மேல்நோக்கிச் சுழற்றிப் பாருங்கள். பிரேக்கை எட்ட விரல் நீளவில்லை என்றால், பெரும்பாலான புதிய லீவர்களில் அதை உள்ளே இழுத்துவைக்க ஒரு சிறு திருகு இருக்கும். கொஞ்சம் தடித்த டேப்பும் அதிர்வைக் குறைக்கும். இவ்வளவும் செய்து இரண்டு வாரம் ஓட்டிய பிறகும் வலி விடவில்லை என்றால் மேலே படியுங்கள்.

முதல் அளவு: நடுக்கழுத்தின் விட்டம்

ஸ்டெம் என்பது வண்டியின் கழுத்துக் குழாயிலிருந்து முன்னால் நீண்டு ஹேண்டில்பாரைக் கவ்விப் பிடிக்கும் துண்டு. அது கவ்வும் இடத்தில் ஹேண்டில்பாரின் விட்டம் என்ன என்பதுதான் எல்லாவற்றிலும் முதல் கேள்வி. அகலம் தவறினால் அசௌகரியம். இது தவறினால் ஆபத்து.

இன்றைய ரோடு பைக்குகளில் மிகப் பெரும்பாலும் 31.8 மி.மீ. பழைய ரோடு பைக்குகளில் 26.0 மி.மீ. பரவலாக இருந்தது; 25.4 மி.மீ. கொண்ட வண்டிகளும் உண்டு. மலைப்பாதை சைக்கிள்களில் 35 மி.மீ.யும் இருக்கிறது. 25.4 என்பது சரியாக ஓர் அங்குலம், 31.8 என்பது ஒன்றேகால் அங்குலம்.

26.0-க்கும் 25.4-க்கும் இடைவெளி 0.6 மி.மீ.தான். கண்ணுக்குத் தெரியாது, அளவு நாடாவும் காட்டாது. அதனால் இந்த ஓர் அளவுக்கு மட்டும் வெர்னியர் காலிப்பர் கேட்டு வாங்குங்கள். 26.0-க்கான ஸ்டெம்மில் 25.4 ஹேண்டில்பாரை வைத்து இறுக்கினால், இறுகிவிட்டதுபோலவே தோன்றும். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அது கையோடு கீழே சுழலும். சிறிய ஹேண்டில்பாரைப் பெரிய ஸ்டெம்மில் வைக்க, இடையில் செருகும் உலோக வளையங்கள் விற்கின்றன. பெரியதைச் சிறிய ஸ்டெம்மில் திணிக்க வழி இல்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இன்றைய ஸ்டெம்களின் முகப்புத் தகடு தனியாகக் கழன்று வரும். பழையவற்றில் பலவும் ஒரே திருகு கொண்ட மூடிய வளையம். ஹேண்டில்பாரை ஒரு முனையிலிருந்து நுழைத்து, வளைவுகளைத் திருப்பித் திருப்பி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். வளைவு கூர்மையாக உள்ள புதிய வடிவங்கள் அதில் நுழையாமல் பாதியில் சிக்கும்.

இரண்டாவது: அகலம்

லீவர்கள் பொருந்தும் இடத்தில் இடது குழாயின் மையத்திலிருந்து வலது குழாயின் மையம் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் குழாய் ஏறத்தாழ 24 மி.மீ. தடிமன் என்பதால், வெளி விளிம்புகளை அளந்தால் இரண்டு செண்டிமீட்டருக்குச் சற்று மேலாகக் கூடும். நான் ஏமாந்தது அந்த இரண்டு செண்டிமீட்டரில்தான். வாங்கும் பொருளின் விவரத்தில் எந்த முறையில் அளந்தார்கள் என்று எழுதியிருக்கும், எழுதாவிட்டால் கேளுங்கள். லீவர் இருக்கும் இடத்தில் அளந்ததா, கீழ் முனைகளில் அளந்ததா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கீழ்நோக்கிப் போகப்போக வெளியே விரியும் வடிவங்களில் இந்த இரண்டுக்கும் பல செண்டிமீட்டர் வித்தியாசம் வரும்.

கடைகளில் பொதுவாக 36 முதல் 46 செ.மீ. வரை, இரண்டிரண்டாகக் கூடும் அளவுகள் கிடைக்கும். தோளின் மேற்புறத்தில், கை தொடங்கும் இடத்தில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முனைகள் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் காலங்காலமாகச் சொல்லப்படும் தொடக்க அளவு. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். 39 வந்தால் 38 அல்லது 40 என்று தொடங்கலாம்.

அதைத் தொடக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அகலம் கூடினால் கரடுமுரடான பாதையில் வண்டி கைக்குள் நிற்கும். காற்றும் கூடுதலாக உடம்பில் அடிக்கும். குறைந்தால் காற்றை எளிதாகக் கிழிக்கலாம், நெரிசலில் நுழையலாம். ஆனால் எழுந்து நின்று மிதிக்கும்போது வண்டி ஒரு மாதிரி துடிக்கும். பந்தயக்காரர்கள் காற்றுக்காக மிகக் குறுகலான ஹேண்டில்பார்களுக்குப் போனதால்தான் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் குறைந்தபட்ச அகலம் என்று ஒன்றை வகுத்தது. அவர்களைப் பார்த்துப் புதியவர்கள் 36-க்குத் தாவுவது தேவையில்லாத வேலை. பழையதிலிருந்து ஒரே தாவலில் இரண்டு செண்டிமீட்டருக்கு மேல் மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

வண்டி வாங்கும்போது கூடவே வரும் ஹேண்டில்பார் சட்டகத்தின் அளவைப் பார்த்துப் போடப்படுவது, உங்கள் தோளைப் பார்த்து அல்ல. தோள் குறுகியவர்களுக்கு, அதிலும் உயரம் குறைந்தவர்களுக்கும் பெண்கள் பலருக்கும், அது பெரும்பாலும் அகலமாகவே அமைந்துவிடுகிறது. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே வலிக்கிறது என்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ரீச், டிராப்: கை உண்மையில் எங்கே இருக்கிறது?

பெரும்பாலானோர் அகலத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஓட்டும் சுகத்தைத் தீர்மானிப்பவை அடுத்த இரண்டு எண்கள்.

மேலே குறுக்காக ஓடும் குழாயின் மையத்திலிருந்து, வளைவு முன்னால் மிகத் தள்ளி நிற்கும் இடத்தின் மையம் வரை உள்ள தூரம் ரீச். அதே குறுக்குக் குழாயின் மையத்திலிருந்து கீழ் வளைவின் அடிக்குழாய் மையம் வரை இறங்கும் ஆழம் டிராப். அளக்க எளிய வழி: கழற்றிய ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் சுவரை ஒட்டிப் பிடித்து, அடிக்குழாயை மட்டமாக வைத்து, பென்சிலால் சுவரில் ஒட்டிய தாளில் கோடு இழுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு கடைக்கே போகலாம். புதியதை அதன்மேல் வைத்துப் பார்த்தால் எண்களைவிடத் தெளிவாகப் புரியும்.

இன்று பரவலாக உள்ள, காம்பேக்ட் எனப்படும் வடிவத்தில் ரீச் 70 முதல் 80 மி.மீ., டிராப் 120 முதல் 130 மி.மீ. என்ற அளவில் இருக்கும். பழைய பந்தய வடிவங்களில் ரீச் 85-ஐத் தாண்டும். டிராப் 140-ஐயும் தாண்டும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. உங்கள் ஸ்டெம்மின் நீளம் 100 மி.மீ., பழைய ஹேண்டில்பாரின் ரீச் 85. கூட்டினால் 185. புதியதன் ரீச் 75 என்றால் 175; பிரேக் லீவர்கள் உங்களை நோக்கி ஒரு செண்டிமீட்டர் வந்துவிட்டன. முன்பு எட்டிப் பிடிக்கச் சிரமப்பட்டவருக்கு இது வரம். முன்பு சரியாக இருந்தவருக்கோ முழங்கை மடங்கி இடம் போதாமல் போகும். அவர் 110 மி.மீ. ஸ்டெம்மும் சேர்த்து வாங்க வேண்டும். ஸ்டெம்மின் சாய்வைக் கணக்கில் எடுத்தால் இது துல்லியமல்ல. ஆனால் முடிவெடுக்க இந்தத் துல்லியம் போதும். ரீச் நீண்டு எட்டவில்லை என்று புலம்புபவர்கள் பலருக்கு மாற்ற வேண்டியது ஹேண்டில்பார் அல்ல, ஸ்டெம். அது பொதுவாக மலிவு, டேப்பையும் பிரிக்க வேண்டியதில்லை.

டிராப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் உங்கள் கைகளையே வேவு பாருங்கள். டேப்பும் ரப்பரும் எங்கே தேய்ந்திருக்கின்றன? லீவரின் தலையை மூடிய ரப்பர் உறை, அதாவது ஹூட், மழமழவென்று தேய்ந்திருக்கும். மேல் குறுக்குக் குழாயிலும் கொஞ்சம் அழுக்கு ஏறியிருக்கும். கீழ் வளைவில் டேப் புதிதுபோல் இருந்தால், நீங்கள் அங்கே கை வைப்பதே இல்லை. எதிர்க்காற்றிலும் இறக்கத்திலும் உதவ வேண்டிய இடம் அது. ஆழம் அதிகமாக இருப்பதால் குனிய முடியாமல் ஒதுங்கியிருக்கிறீர்கள் என்றால், டிராப் குறைந்த காம்பேக்ட் வடிவம் அந்த இடத்தை உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கும். புதியவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த வடிவத்தைத்தான். கை பெரியவர்களுக்கு மட்டும் காம்பேக்ட் வளைவுக்குள் முன்கை இடிக்கும்; அவர்கள் கடையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

கீழ் வளைவின் நடுவே கைக்கு அமர்வாக ஒரு நேர்ப்பகுதி வைத்த வடிவமும் உண்டு. சிலருக்கு அது அச்சு வார்த்ததுபோல் பொருந்தும். பொருந்தாதவர்களுக்கு அந்த நேர்ப்பகுதி தவறான இடத்திலேயே எப்போதும் உறுத்திக்கொண்டிருக்கும். முனைகள் வெளியே விரியும் வடிவம் மண்பாதைக்கு நல்லது. தார்ச்சாலையில் மட்டும் ஓட்டுபவருக்குச் சற்றே விரிந்தால் போதும்.

அலுமினியமா, கார்பனா?

முதல்முறை மாற்றுபவர் அலுமினியம் வாங்குங்கள். எடை வித்தியாசம் பெரும்பாலும் 100 கிராமுக்குள்தான். தண்ணீர்ப் பாட்டிலில் இரண்டு மடக்குக் குறைத்தால் சரியாகிவிடும். கார்பன் அதிர்வை ஓரளவு விழுங்கும் என்பது உண்மை. அதே வேலையில் பெரும்பகுதியை டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தே செய்துவிடலாம். அளவு தவறிப்போனால் கார்பனில் விட்ட பணம்தான் அதிகம் வலிக்கும்.

காற்றைக் கிழிக்கவென்று மேற்பகுதியைத் தட்டையாக்கிய வடிவங்கள் பார்க்க அழகு, உள்ளங்கைக்கும் இதம். ஆனால் விளக்கையும் தூரம் காட்டும் கருவியையும் மாட்ட உருண்டையான இடம் இருக்காது.

கேபிள்களைப் பார்த்தீர்களா?

பணம் எதிர்பாராமல் கரையும் இடம் இது. உங்கள் வண்டியில் பிரேக், கியர் கேபிள்கள் டேப்புக்கு அடியில் ஓடிப் பிறகு வெளியே வருகின்றனவா, ஹேண்டில்பாரின் உள்ளேயே நுழைகின்றனவா? வெளியே வருபவை என்றால் எந்த ஹேண்டில்பாரும் போகும். உள்ளே நுழையும் ஹேண்டில்பாருக்கு மாறினால் கேபிள்களையும் அவற்றின் உறைகளையும் புதிதாகப் போட வேண்டிவரும். ஹைட்ராலிக் பிரேக் என்றால் எண்ணெய்க் குழாயைக் கழற்றி, மீண்டும் இணைத்து, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அகலம் கூடினாலும் கேபிள் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். ஸ்டெம்மும் ஹேண்டில்பாரும் ஒரே வார்ப்பாக வரும் வண்டிகளில் இந்தக் கட்டுரையின் பாதி பயன்படாது. அங்கே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், வண்டியின் நிறுவனம் எதை அனுமதிக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

நேர் ஹேண்டில்பார் கொண்ட வண்டியை வளைந்த ஹேண்டில்பாருக்கு மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். மாற்றலாம்; ஹேண்டில்பாரோடு முடியாது. நேர் ஹேண்டில்பாரில் லீவர் பிடிக்கும் இடம் 22.2 மி.மீ.; வளைந்ததில் 23.8 மி.மீ. பழைய லீவர்கள் ஏறாது. ரோடு லீவர்கள் இழுக்கும் கேபிள் நீளமும் பல வகை பிரேக்குகளுக்குப் போதாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வேறு வண்டி வாங்குவதே மேல்.

பொருத்தும் வரிசை

கழற்றுவதற்கு முன் பக்கவாட்டிலிருந்தும் முன்னாலிருந்தும் புகைப்படம் எடுங்கள். இருக்கையின் மூக்கிலிருந்து ஹூட் வரை உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு டேப்பைப் பிரித்து, லீவர்களின் ரப்பரைப் பின்னால் மடித்து, பட்டையின் திருகைத் தளர்த்தி உருவுங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம். பட்டை துள்ளி விழுந்தால் மீண்டும் மாட்டுவதற்குள் பொறுமை போய்விடும்.

புதியதை ஸ்டெம்மில் வைத்து, நடுவில் உள்ள கோடுகளைப் பார்த்து மையப்படுத்துங்கள். அலுமினியம் என்றால் இரு பரப்புகளையும் துடைத்தால் போதும். கார்பன் என்றால் அதற்கென விற்கும், மணல்போல் நறநறக்கும் பசையை மெலிதாகத் தடவுங்கள், கிரீஸ் கூடாது. நான்கு திருகுகளையும் குறுக்கு மறுக்காக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக இறுக்குங்கள். முகப்புத் தகட்டுக்கு மேலும் கீழும் உள்ள இடைவெளி சமமாக இருக்க வேண்டும் (இடைவெளியே இல்லாமல் மூடும்படி வடிவமைத்த ஸ்டெம்களும் உண்டு, அதன் குறிப்பைப் படியுங்கள்). எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருக்கும். பலவற்றில் 5 நியூட்டன் மீட்டர் என்று பார்க்கலாம். அதற்கு இறுக்கத்தை அளந்து காட்டும் திருகுசாவியான டார்க் ரெஞ்ச் வேண்டும். கைக்கணக்கில் இறுக்கிக் கார்பனை நொறுக்கியவர்கள் ஏராளம்.

லீவர்களை ஏற்றி, மேல் குறுக்குக் குழாயிலிருந்து ஹூட் வரை உடையாத ஒரு சமதளமாக இருக்கும்படி வையுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க, இரண்டு ஹூட்களின் மேலும் ஒரு நீண்ட அடிக்கோலைக் குறுக்காகப் படுக்கவைத்து, வண்டிக்கு முன்னால் சில அடி தள்ளி நின்று பாருங்கள். கண் உடனே சொல்லிவிடும்.

முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு ஹூட்களின்மேல் உடல் எடையைப் போட்டு அழுத்துங்கள். அசைந்தால் இறுக்கம் போதவில்லை. ஹேண்டில்பாரை இடமும் வலமும் கடைசிவரை திருப்பி, எந்தக் கேபிளும் விறைக்கவில்லை, பிரேக் தானாகப் பிடிக்கவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

டேப்பை மட்டும் அன்றே சுற்றாதீர்கள். கேபிள்களை இன்சுலேஷன் டேப்பால் அங்கங்கே கட்டிவிட்டு, குழாயின் இரு முனைகளிலும் அடைப்பான்களைச் செருகி, மூன்று நான்கு முறை குறைந்த தூரம் ஓட்டுங்கள். திறந்த குழாய் முனையோடு விழுந்தால் அது உடம்பைத் துளைக்கும். அடைப்பான் இல்லாமல் தெருமுனை வரைகூடப் போக வேண்டாம். திருகுகளைத் திருப்பும் அறுகோணச் சாவியான ஆலன் கீ சட்டைப்பையில் இருக்கட்டும். ஹூட் ஒரு பாகை மேலே, ஹேண்டில்பார் அரைப் பாகை கீழே என்று நீங்கள் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். திருத்தம் நின்ற பிறகு, திருகுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, கீழ் முனையிலிருந்து மேல்நோக்கி டேப்பைச் சுற்றுங்கள்.

பழைய ஹேண்டில்பார் விழுந்தோ அரித்தோ ஓய்வுபெற்றது என்றால், அளவுகளைக் குறித்துக்கொண்டபின் அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பழைய இரும்புக்காரரிடம் போடுங்கள். முழுதாகப் போட்டால் யாராவது அதை எடுத்துப் புது டேப் சுற்றி மாட்டிக்கொள்வார்கள்.